அரையாண்டுத் தேர்வில் நான் போட்ட தப்பு

கொஞ்சம் நீளமான பதிவு. முக்கால்வாசி கார் எஞ்சின் பற்றியது. கார் இல்லாதவர்களும் படிக்கலாம். நான் பாடம் நடத்திய 34 ஆண்டுகளில் என் வகுப்புப் பிள்ளைகள் யார் வீட்டிலும் கார் நின்றதாக நினைவில்லை. ஆனாலும் எஞ்சின் பாடம் நடத்தத்தான் செய்தேன்.

நான் நடுநிலைப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான் படிப்பு. பொறியியல் எல்லாம் தெரியாது. ஆனால் அறிவியல் பாடம் என்றால் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. நான்கு வீச்சு எஞ்சினுக்கு அட்டையில் ஒரு மாதிரி செய்து வைத்திருந்தேன். பிஸ்டன் ஒரு தீப்பெட்டி, இணைப்புத் தண்டு ஒரு சைக்கிள் கம்பி, வால்வைத் தள்ளும் கேம் பழைய ஹவாய் செருப்பில் முட்டை வடிவத்தில் வெட்டியது. சுற்றினால் வால்வு திறக்கும், மூடும். "உறிஞ்சு, அமுக்கு, வெடி, வெளியேற்று" என்று வகுப்பே சேர்ந்து கத்தும். பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து திட்டிவிட்டுப் போவார்.

1999 டிசம்பர், அரையாண்டுத் தேர்வு. பெட்ரோல் எந்திரத்துக்கும் டீசல் எந்திரத்துக்கும் வேறுபாடு எழுதச் சொல்லி ஐந்து மதிப்பெண் கேள்வி. கரும்பலகையில் நான் போட்ட அட்டவணையில் முதல் வரி இது: பெட்ரோல் எந்திரத்தில் காற்றும் எரிபொருளும் வெளியிலேயே கலந்து உள்ளே வரும், டீசல் எந்திரத்தில் காற்று மட்டும் உள்ளே போகும், எரிபொருள் பிறகு உள்ளேயே தெளிக்கப்படும்.

ஒரு பையன் அந்த வரியைச் சரியாக எழுதிவிட்டு அடியில் இப்படிச் சேர்த்திருந்தான்: "சில புதிய எந்திரங்களில் பெட்ரோலும் நேராக உள்ளேயே தெளிக்கப்படுகிறது." அவன் தாய்மாமன் சிங்கப்பூரில் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தார். அவர் லீவில் வந்தபோது சொன்னதாம். நான் சிவப்பு மையில் தப்புப் போட்டு ஒரு மதிப்பெண் குறைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். விடைத்தாள் கொடுக்கும்போது வகுப்பில் உரக்கப் படித்து, "அப்போ பெட்ரோல் வண்டியும் டீசல் வண்டியும் ஒண்ணுதானோ?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், வேறு என்ன செய்வான்.

சரி, காருக்கு வருகிறேன்.

மகன் பெங்களூரில் இருக்கிறான். வாங்கி ஓட்டிக்கொண்டிருந்த காரை எங்களிடம் விட்டிருக்கிறான், அவன் அம்மாவின் கண் சிகிச்சைக்கு மாதம் ஒருமுறை கோவை போய் வருவதற்காக. நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், டர்போ உண்டு. கம்பெனி பெயர் வேண்டாம். ஓடியது 62 ஆயிரம் கிலோமீட்டர்.

இரண்டு மாதமாகக் காலையில் ஸ்டார்ட் செய்தால் குளிர் காய்ச்சல் வந்தவன் போல நடுங்கும். இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். பிறகு மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. ஒரு நாள் குண்டடம் தாண்டி லாரியை முந்தப் போனபோது வண்டி இழுக்கவே இல்லை. எதிரே பஸ். எப்படியோ பின்வாங்கி ஓரம் கட்டினேன். "ஏனுங்க, இனி பஸ்லயே போயிக்கலாம்" என்றாள் மனைவி. கண்ணில் கட்டோடு அவள் பஸ்ஸில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன்.

ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டினோம். காயில், இன்ஜெக்டர், பம்பு எல்லாம் மாற்ற வேண்டும் என்று 84 ஆயிரம் ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். என் ஓய்வூதியத்தில் அது எத்தனை மாதம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்தான், "தாராபுரத்துல உங்க பழைய மாணவன் ஒருத்தன் பட்டறை வெச்சிருக்கான், காட்டிப் பாருங்க" என்றார்.

யார் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். ஐடிஐ முடித்து, கோவையில் பத்து வருடம் வேலை பார்த்து, சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். தலையில் நரை.

"சார், எதையும் மாத்த வேண்டாம். மொதல்ல உள்ள பாத்துரலாம்" என்று ஒரு மெல்லிய வயரின் நுனியில் இருந்த கேமராவை எஞ்சினின் காற்றுக் குழாய்க்குள் விட்டான். திரையில் தெரிந்தது வால்வு என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நாள்பட்ட அடுப்புக்கரி போல, தண்டைச் சுற்றிக் கட்டி கட்டியாகக் கரி. காற்று போகும் வழியில் பாதி அடைத்திருந்தது.

"எப்படிப்பா இவ்வளவு?" என்றேன்.

"பெட்ரோல் இந்த வழியா வர்றதே இல்லைங்க சார். நேரா உள்ள அடிக்குது. வால்வைக் கழுவ ஆள் இல்லை."

அப்போது எனக்கு அந்த விடைத்தாள் ஞாபகம் வந்தது. அவனுக்கு வந்ததா என்று முகத்தில் தெரியவில்லை. டார்ச்சைத் திருப்பி இரண்டாவது சிலிண்டரைக் காட்டினான்.

வேலை இரண்டு நாள் என்றான். நான் அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன், வேலை செய்துகொண்டே பதில் சொன்னான். வீட்டுக்கு வந்து படித்தும் பார்த்தேன். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

பழைய எஞ்சினில் கேம் என்பது என் செருப்புத் துண்டு மாதிரிதான். ஒருமுறை வெட்டிவிட்டால் அதே வடிவம். வால்வு எப்போது திறக்கும், எவ்வளவு நேரம், எவ்வளவு உயரம் என்பதெல்லாம் ஆலையிலேயே முடிவாகிவிடும். ஆனால் எஞ்சினின் தேவை அப்படி ஒரே மாதிரி இல்லை. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் விநாடிக்கு 50 சுற்று. பிஸ்டன் ஒருமுறை இறங்கிக் காற்றை உறிஞ்ச அரைச் சுற்று, அதாவது விநாடியில் நூறில் ஒரு பங்கு. 6,000 சுற்றில் அதிலும் பாதி. காற்றுக்கும் எடை இருக்கிறது, ஓட ஆரம்பித்தால் சட்டென்று நிற்காது. வேகமாகச் சுற்றும்போது வால்வைச் சற்றுத் தாமதமாக மூடினால் இன்னும் கொஞ்சம் காற்று தானே நுழையும். மெதுவாகச் சுற்றும்போது அதே தாமதம் வைத்தால் உள்ளே வந்த காற்றை பிஸ்டன் வெளியே தள்ளிவிடும். பந்தியில் குழந்தைக்கும் பயில்வானுக்கும் ஒரே கரண்டிக் கணக்கு வைத்தது போல.

அதனால்தான் வால்வு நேரத்தை மாற்றும் ஏற்பாடு வந்தது. ஹோண்டாவின் விடெக் 1989-இல் இரண்டு வகைக் கேம் வைத்து, வேகம் கூடும்போது ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறியது. இன்று பெரும்பாலான கார்களில் கேம்ஷாஃப்டின் தலையில் எண்ணெய் அழுத்தத்தால் திரும்பும் ஒரு சக்கரம் இருக்கிறது. கம்ப்யூட்டர் சொன்னபடி அது ஷாஃப்டை முன்னும் பின்னும் திருப்பும். பிஎம்டபிள்யூ 2001-இல் இன்னொரு படி போனது. வால்வு திறக்கும் உயரத்தையே கால் மில்லிமீட்டரிலிருந்து ஒன்பது மில்லிமீட்டருக்கு மேல் வரை மாற்றியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் காற்றுக் குழாயின் மூடி திறப்பதற்குப் பதில் வால்வே கூடவோ குறையவோ திறக்கும். சாதாரண எஞ்சினில் அந்த மூடி பாதி மூடியிருக்கும்போது பிஸ்டன் மூச்சுப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும். இளநீர் ஸ்ட்ராவை நசுக்கிப் பிடித்து உறிஞ்சிப் பாருங்கள், தெரியும். டவுனுக்குள் மெதுவாகப் போகும்போது பெட்ரோல் வண்டியின் மைலேஜ் இறங்குவதற்கு இந்த வீண் உழைப்பும் ஒரு காரணம்.

மறுபக்கம் நேரடி இன்ஜெக்‌ஷன். இது புதிதே இல்லை என்பதுதான் என்னை வெட்கப்பட வைத்தது. 1954-லேயே மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரில் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் தெளித்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டோடு மிட்சுபிஷி 1996-இல் கொண்டுவந்தது. நான் 1999-இல் தப்புப் போட்டேன்!

சாதாரண பெட்ரோல் இன்ஜெக்‌ஷனில் அழுத்தம் மூன்று நான்கு பார்தான். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரடி இன்ஜெக்‌ஷனில் 200 பார் சாதாரணம். புதியவற்றில் 350 வரை போகிறது. பெட்ரோல் பனி போலச் சிதறி உள்ளேயே ஆவியாகும். ஊசி போடுமுன் நர்ஸ் தடவும் ஸ்பிரிட் ஜில்லென்று இருக்கிறதல்லவா, அதேபோல ஆவியாகும் பெட்ரோல் சிலிண்டருக்குள் இருக்கும் காற்றைக் குளிர வைக்கிறது. காற்று குளிர்ந்தால் இன்னும் கொஞ்சம் இறுக்கி அமுக்கலாம், நேரத்துக்கு முன் வெடித்து எஞ்சின் தட்டாது. அதே பெட்ரோலில் கூடுதல் வேலை கிடைக்கும்.

இரண்டும் தனித்தனியே நல்ல விஷயங்கள். சேரும்போது என்ன ஆகிறது என்று அவன் சொன்ன இடத்தில்தான் நான் ஸ்டூலை அருகே இழுத்துப் போட்டேன்.

வெளியேற்று வீச்சு முடிந்து உறிஞ்சு வீச்சு தொடங்கும் இடத்தில் இரண்டு வால்வுகளும் ஒரு கண நேரம் சேர்ந்து திறந்திருக்கும். என் அட்டை மாதிரியில் அதைக் காட்டியதே இல்லை. ஒன்று மூடியபின் ஒன்று திறக்கும் என்றே நடத்தினேன். டர்போ எஞ்சினில் மெதுவாகச் சுற்றி முழு பலம் கேட்கும்போது, உள்ளே வரும் காற்றின் அழுத்தம் வெளியேறும் புகையின் அழுத்தத்தைவிட அதிகமாக இருக்கும். அந்த நேரத்தில் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினால், புதுக் காற்று ஒரு பக்கம் நுழைந்து மிச்சமிருக்கும் சூட்டுப் புகையை மறுபக்கம் தள்ளிவிடும். வீட்டின் முன்கதவையும் பின்கதவையும் ஒன்றாகத் திறந்துவிட்ட மாதிரி. சிலிண்டர் சுத்தமாகும், குளிரும், டர்போவும் வேகமாகச் சுற்றும்.

"பழைய எஞ்சின்லயே இதைப் பண்ணியிருக்கலாமே?" என்றேன்.

"பண்ணினா காத்தோட பெட்ரோலும் சேந்து வெளிய போயிருமுங்க சார். பழைய டூ ஸ்ட்ரோக் ஆட்டோ பின்னாடி போனா பச்சைப் பெட்ரோல் வாசம் அடிக்குமே, அந்தக் கதைதான்."

புரிந்தது. பெட்ரோல் வெளியிலேயே கலந்து வந்தால் கதவைத் திறந்து வைக்க முடியாது. நேரடி இன்ஜெக்‌ஷனில் காற்றை மட்டும் ஓடவிட்டு, வெளிவால்வு மூடிய பிறகு பெட்ரோலைத் தெளிக்கலாம். வால்வுக்கு அந்தச் சுதந்திரத்தைக் கொடுப்பது இன்ஜெக்டர். இன்ஜெக்டருக்குக் குளிர்ந்த, சுத்தமான சிலிண்டரைக் கொடுப்பது வால்வு. (பஜாஜ் நிறுவனம் 2007-இல் டூ ஸ்ட்ரோக் ஆட்டோவிலேயே நேரடி இன்ஜெக்‌ஷனைக் கொண்டுவந்தது இதே காரணத்துக்குத்தான். இதையும் அவன்தான் சொன்னான்.)

பலன் எவ்வளவு என்று ஓர் உதாரணம். எங்கள் வண்டி இல்லை இது. 2013-இல் மறைமலை நகர் ஆலையிலிருந்து வந்த ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட். அதில் சாதாரண 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் உண்டு. டர்போ, நேரடி இன்ஜெக்‌ஷன், இரண்டு பக்கக் கேமும் திரும்பும் ஏற்பாடு எல்லாம் சேர்ந்த ஒரு லிட்டர் எஞ்சினும் உண்டு. பெரியதன் உச்ச இழுவிசை 140 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,400 சுற்றில். சின்னது 1,400 சுற்றிலேயே 170 கொடுத்தது. அதன் எஞ்சின் பிளாக்கை ஓர் ஏ4 தாளின் மேல் நிறுத்தி வைக்கலாமாம்.

சேர்ப்பது சுலபமாகவும் இருக்கவில்லை. சிலிண்டர் தலையில் இடம் எவ்வளவு? நான்கு வால்வு, ஒரு பிளக், சுற்றிலும் தண்ணீர் ஓடும் வழி. அதில் இன்ஜெக்டருக்கும் இடம் வேண்டும், வால்வு உயரத்தை மாற்றும் நெம்புகோலுக்கும் மோட்டாருக்கும் இடம் வேண்டும். பிஎம்டபிள்யூ 2003-இல் பன்னிரண்டு சிலிண்டர் கொண்ட பெரிய காரில் இரண்டையும் சேர்த்தது. ஆனால் 2007 வாக்கில் வந்த அதன் ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்றில் நேரடி இன்ஜெக்‌ஷனை வைப்பதற்காக, பெருமையாகச் சொல்லிக்கொண்ட வால்வு ஏற்பாட்டையே விட்டுவிட்டார்கள். 2009-இல்தான் ஆறு சிலிண்டரில் டர்போவோடு இரண்டும் சேர்ந்து வந்தன. பெரிய பெரிய பொறியாளர்களே ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்திருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

கரிக்கு வருகிறேன். எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து எண்ணெய் ஆவி ஒரு குழாய் வழியாகக் காற்றுப் பாதைக்கே திரும்ப வருகிறது; சட்டப்படி அதை வெளியே விடக் கூடாது. பழைய முறையில் வால்வின் முதுகில் பெட்ரோல் அடித்துக்கொண்டே இருந்ததால் அந்த எண்ணெய்ப் பசை தானே கழுவப்பட்டது. இப்போது கழுவலும் இல்லை. கூடவே இன்னொன்று. மெதுவாக ஓட்டும்போது இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருந்தால், முன்பு சொன்னதற்கு நேர் எதிராக, சூட்டுப் புகை கொஞ்சம் காற்றுப் பாதைக்குள் திரும்ப ஏறும். அதுவும் வேண்டுமென்றே செய்வதுதான், நச்சு வாயு குறையும், உறிஞ்சும் சிரமமும் குறையும். ஆனால் அந்தச் சூட்டில் எண்ணெய்ப் பசை வால்வின் மேல் வறுபட்டு ஒட்டிக்கொள்ளும். எங்கள் கார் பெரும்பாலும் மளிகைக் கடைக்கும் கோயிலுக்கும் போய்வருவது. எஞ்சின் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும். கரி சேராமல் என்ன செய்யும்?

டொயோட்டா 2005-லேயே சில லெக்சஸ் கார்களில் இரண்டு இடத்திலும் இன்ஜெக்டர் வைத்தது. வெளியிலும் ஒன்று, உள்ளேயும் ஒன்று. வால்வுக்குக் குளியலும் கிடைத்துவிடுகிறது. செலவு கூடுதல். எங்கள் காரில் அது இல்லை.

இரண்டாம் நாள் சுத்தம் செய்யும் வேலை. பெரிய ஊர்களில் வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி எடுப்பார்களாம். இவன் கரைப்பானை ஊற்றி ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, உறிஞ்சி எடுத்தான். அதற்கு அந்தந்த சிலிண்டரின் வால்வுகள் முழுக்க மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கரி உள்ளே விழுந்துவிடும். முன்பக்கம் ஸ்பேனரைப் போட்டு எஞ்சினைக் கையால் அரைச் சுற்று திருப்பினான்.

"ஒண்ணு முடிஞ்சுது. அடுத்து எது சொல்லுங்க சார்" என்றான்.

"மூணு" என்றேன். பிறகு நாலு, பிறகு இரண்டு. வெடிக்கும் வரிசை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. அது மட்டும் எனக்கு மறக்கவில்லை. ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் நான் சொல்ல, அவன் தேய்த்தான். பட்டறையில் வேலை பழகும் பையன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

நாலாவது சிலிண்டரில்தான் சொன்னேன். "ஏப்பா, எட்டாவது அரையாண்டுல உனக்கு ஒரு மார்க் குறைச்சேன். நீ எழுதினதுதான் சரி. எல்லார் முன்னாடியும் படிச்சும் காட்டினேன்."

அவன் பிரஷ்ஷை நிறுத்தவில்லை. "ஞாபகம் இருக்குதுங்க சார். மாமாகிட்டச் சொன்னேன். அவருதான் அடுத்த லீவுக்கு அந்த எஞ்சினோட படம் கொண்டாந்து குடுத்தாரு. உங்ககிட்டக் காட்டலாம்னு பையில வெச்சு ரெண்டு நாள் பள்ளிக்கூடம் கொண்டாந்தேன்."

"ஏன் காட்டலை?"

"பயமா இருந்துதுங்க."

கொஞ்ச நேரம் நான் ஒன்றும் பேசவில்லை. பழகும் பையன்தான் நடுவில் புகுந்து, "அண்ணா, டயர்லயே ரெண்டு பார்தான், இதுல இருநூறுன்னா குழாய் வெடிக்காதா?" என்று கேட்டான். இவன் வேலையை நிறுத்திவிட்டு, உயரழுத்தக் குழாயைக் கழற்றி அவன் கையில் கொடுத்து, சுவர் எவ்வளவு தடிமன், உள்ளே துளை எவ்வளவு சிறியது என்று காட்டினான். கழற்றுமுன் அழுத்தத்தை எப்படி இறக்க வேண்டும், இறக்காமல் கை வைத்தால் என்ன ஆகும் என்றும் சொன்னான். பத்து நிமிடம் ஆயிற்று.

பில் 9,500 ரூபாய். கூலி வாங்க மாட்டேன் என்று அடம் பிடித்தான். பையனின் சட்டைப் பையில் வைத்துவிட்டு வந்தேன். மஞ்சள் விளக்கு அணைந்துவிட்டது, நடுக்கமும் இல்லை. எண்ணெயைக் கம்பெனி சொல்லும் கெடுவுக்கு முன்பே மாற்றச் சொன்னான். மாதம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் நன்றாக ஓட்டச் சொன்னான். அதற்குக் கோவை ஆஸ்பத்திரி இருக்கிறது. 90 ஆயிரம் கிலோமீட்டரில் கேமராவை விட்டு மறுபடி பார்க்க வேண்டுமாம்; டைரியில் குறித்து வைத்திருக்கிறேன்.

அந்தப் படம் இன்னும் அவனிடம் இருக்கிறதாம். அடுத்த முறை போகும்போது கொண்டுவந்து காட்டுகிறேன் என்றிருக்கிறான்.